முதல் கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்: எம்ஜிபி வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது?

ஹாரோவாசி:
எல்லோருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வேலைக்கு ரயில், வீட்டு ஓட்டத்துக்கு ஒரு டொயோட்டா. இந்தக் கோடைக்குள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவாகிவிட்டது. தேடிப் பார்த்த வரையில் கைக்கு எட்டுவது பிரிட்டனின் எம்ஜி கம்பெனி செய்த எம்ஜிபிதான். பத்தாயிரம் பவுண்டு வைத்திருக்கிறேன், கொஞ்சம் முன்னே பின்னே போகலாம்.

இரண்டு கார்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று 1972 ரோட்ஸ்டர் (திறந்த கார்), குரோம் பம்பர், சிவப்பு. போன வருடம்தான் முழுசாகப் பெயின்ட் அடித்ததாம், படத்தில் பளபளக்கிறது. இன்னொன்று 1978, கறுப்பு ரப்பர் பம்பர், கடுகு மஞ்சள் நிறம். பெயின்ட் மங்கியிருக்கிறது, ஆனால் பழைய பில்கள் ஒரு கட்டு இருக்கிறதாம். விலை சிவப்பை விட நன்றாகவே குறைவு. உண்மையைச் சொன்னால் மனசு சிவப்பின் மேல்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், பெரிய வேலை தெரியாது. போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய இரும்பு:
வாழ்த்துகள். முதலில் ஒன்று: பேனட்டைத் திறக்காதீர்கள். எல்லோரும் போனதும் அதைத்தான் திறப்பார்கள், விற்பவரும் அதைத்தான் துடைத்து வைத்திருப்பார். எம்ஜிபியில் இன்ஜின் செலவு தாங்கக்கூடியது. 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், பாகங்கள் தடையில்லாமல் கிடைக்கின்றன. காசைத் தின்பது பாடிதான்.

இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. தகடுகளை வெல்டு செய்த கூடுதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதிலும் ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லையா, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பது கதவுக்குக் கீழே ஓடும் சில் என்கிற பெட்டி மட்டும்தான். அது உளுத்துவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

ஆகவே முதலில் கதவு. பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு விற்பவரிடம் கேட்டு, ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, கதவைத் திறந்து மூடுங்கள். நல்ல கார் என்றால் முன்பு மூடியது போலவே மூடும். தூக்கியதும் கதவு இடித்தால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஜாக்கி வைக்கவே அவர் தயங்கினாலும் அதே பதில்தான்.

சும்மா பார்வையாளன்:
பேசாமல் ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குங்கள். 1989இல் வந்த முதல் மாடலே இப்போது கிளாசிக்தான். ஒழுகாது, மழையில் ஸ்டார்ட் ஆகும்.

லெஸ்டர் தேன்மொழி:
ஆரம்பித்துவிட்டீர்களா! எம்எக்ஸ்-5க்கும் சில் துருப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாவம் அவர் நம்பிவிடப் போகிறார்.

ஹாரோவாசி, நான் வைத்திருப்பது எம்ஜிபி ஜிடி, கூரை வைத்தது. 1965இல் வந்த உடலமைப்பு, இத்தாலியின் பினின்ஃபரீனா கை வைத்தது. உங்கள் கேள்விக்கு வெளியே போய் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: ஜிடியையும் பாருங்கள். அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ். கூரை இருப்பதால் கூடு விறைப்பாக இருக்கும், மழை உள்ளே வராது. சந்தையில் ரோட்ஸ்டரை விடப் பெரும்பாலும் விலை குறைவு. பின்னால் ஒரு சின்ன சீட் உண்டு. பெரியவர்கள் உட்கார முடியாது, கடைப் பைகள் உட்காரும். இங்கிலாந்துக் கோடையில் திறந்த கார் என்பது எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹாரோவாசி:
அக்கா, ஜிடி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கூரை வைத்த கார் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே! திறந்த கார்தான் வேண்டும்.

லெஸ்டர் தேன்மொழி:
சரி, ஆசைக்கு மருந்தில்லை. ரோட்ஸ்டரே வாங்குங்கள்.

கொக்குவிலான்:
நான் இல்ஃபோர்டில் ஒரு கராஜில் வெல்டிங் செய்கிறவன். பழைய இரும்பு அண்ணை சொன்னது சரி, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எம்ஜிபி சில் என்றால் வெளியில் தெரியும் ஒரு தகடு அல்ல. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் காஸ்டில் ரெயில் என்று நாலு துண்டு சேர்ந்த வேலை. வெளித்தகடு கதவோடு முடிவதில்லை. முன் மட்கார்டுக்கு உள்ளேயும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் ஓடுகிறது. ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடியை வெட்ட வேண்டும், அதற்கு முதல் கதவுக் கட்டுக்குள் குறுக்கே கம்பி வைத்து இறுக்கிக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய தகட்டை வெட்டிய நிமிடமே கூடு தொய்ந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு வடிவாக வெல்டு வைத்தாலும் கதவு பொருந்தாது.

சுருக்கு வழிக்காரர்கள் என்ன செய்வார்கள்? கதவின் நீளத்துக்கு மட்டும் ஒரு தகட்டை வெட்டி, உளுத்த பழையதின் மேலேயே போர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அருமையாக இருக்கும். பிடிக்கிற வழி: முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். அங்கே ஒரு மண்தடுப்புத் தகடு இருக்கிறது. அதன் ரப்பர் போனால் சேறு உள்ளே போய்த் தங்கும், சில்லின் முன் முனை அங்கேதான் முதலில் சாகும். அந்த இடம் சுத்தமாக, தகடு திடமாக இருந்தால் பாதி நிம்மதி.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டு போங்கள், பெயின்ட் கீறாது. பின் சக்கர வளைவு, பின் மட்கார்டின் அடி, முன் மட்கார்டின் பின் கீழ் மூலை, சில் முழு நீளம். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. கொஞ்சம் பட்டி குற்றமில்லை, ஐம்பது வருடக் கார். ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவில்லை என்றால்தான் கேள்வி.

சிவப்புக் கார் பற்றி நேரில் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆனால் விற்கிறதுக்கு முதல் வருடம் முழுப் பெயின்ட் அடித்த காரைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். பெயின்ட் அடிக்க முதல் எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவன் படம் எடுத்து வைத்திருப்பான், கேட்காமலே காட்டுவான்.

சிங்காநல்லூரான்:
நான் இருப்பது கோவையில். கார் வாங்கப் போவதில்லை, இழையைப் படிக்கிற சந்தோஷத்துக்கு எழுதுகிறேன். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் பி-சீரிஸ். நம் அம்பாசடரில் பல வருடம் ஓடியதே 1489 சிசி, அதுவும் அதே குடும்பம்தான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர், போர் (சிலிண்டரின் அகலம்) மட்டும் 73இலிருந்து 80க்கு வந்திருக்கிறது. வால்வுகளை இயக்கும் டாப்பெட்டின் சத்தம் கேட்டால் நம் ஆட்களுக்கு ஊர் டாக்ஸி ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிடும். அம்பாசடர் பாகம் மலிவு, அனுப்பட்டுமா என்று யாராவது கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பிஸ்டனே பொருந்தாது.

பழைய இரும்பு:
அருமை. அந்த டாப்பெட் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். கொஞ்சம் தட்டுகிற டாப்பெட் ஆரோக்கியமானது என்றுதான் இங்கேயும் சொல்வார்கள். கீழிருந்து வரும் அடிவயிற்று உறுமல்தான் ஆகாது.

இப்போது பேனட்டுக்கு வரலாம். குளிர்ந்த இன்ஜினாக இருக்க வேண்டும். போனவுடன் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார், காரணம் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும், செல்ஃப் போடுவதற்கு முன், பின்னாலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அது எஸ்யூ பெட்ரோல் பம்பு. கார்பரேட்டர் நிரம்பியதும் தானாக நின்றுவிட வேண்டும். நிற்காமல் டிக்கிக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் போகிறது, அல்லது ஊசி வால்வு மூடவில்லை. மூக்கை வைத்துப் பாருங்கள்.

ஆயில் பிரஷர் மீட்டர் இந்தக் காரில் உண்மையான மீட்டர், அலங்காரம் இல்லை. இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு, சாலை வேகத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேல் நிற்க வேண்டும். ஐட்லிங்கில் 15, 20 என்று இறங்குவது சகஜம். குளிரில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது எல்லாக் காரிலும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆயில் சொட்டும். தரையில் அட்டை விரித்து நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

ஹாரோவாசி:
ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, குரோம் பம்பரா ரப்பர் பம்பரா என்று பார்க்கிற இடத்திலெல்லாம் சண்டை போடுகிறார்கள். உண்மையில் வித்தியாசம் என்ன? இரண்டு, சிவப்புக் காருக்கு எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) இல்லை, 'தேவையில்லை, விலக்கு உண்டு' என்கிறார் விற்பவர். சரியா?

லெஸ்டர் தேன்மொழி:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

அவர் சொல்வது சட்டப்படி சரி. 2018 மே முதல், 40 வயது கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை, ஆனால் பூஜ்யம் பவுண்டுக்கு வரி 'கட்டி'ப் பதிவு செய்தே ஆக வேண்டும், மறந்துவிடாதீர்கள். 40 வயதுக் கார் என்பதால், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான லண்டன் யூலெஸ் கட்டணமும் இல்லை, ஹாரோவில் இருக்கிற உங்களுக்கு அது நல்ல சேதி.

ஆனால் விலக்கு யாருக்கு லாபம்? விற்பவருக்கு. முன்பெல்லாம் வருடம் ஒருமுறை யாரோ ஒரு மூன்றாம் மனிதர் காரைத் தூக்கி அடியில் பார்த்து எழுதி வைப்பார். அந்தச் சாட்சி இப்போது இல்லை. பதிவு எண்ணைப் போட்டால் அரசு இணையதளத்தில் 2005இலிருந்து நடந்த சோதனைகள் இலவசமாகத் தெரியும். அதை வாசியுங்கள். 'இடது சில் துரு' என்று 2014இல் ஓர் எச்சரிக்கை, அடுத்த வருடம் அது மாயமாக மறைந்து, அதற்கான வெல்டிங் பில் கோப்பில் இல்லை என்றால், அங்கே என்ன நடந்திருக்கும்? கொக்குவிலான் சொன்ன போர்வைதான்.

விலக்கு இருந்தும் வருடாவருடம் விருப்பப்பட்டு எம்ஓடி எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள். விற்பவரிடமும் நேராகக் கேட்கலாம்: 'கட்டணத்தை நான் தருகிறேன், ஒரு எம்ஓடி எடுத்துத் தாருங்கள்.' அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பழைய இரும்பு:
முதல் கேள்விக்கு நான். 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு பம்பர் வைத்தார்கள், விளக்கின் உயரம் போதவில்லை என்று காரையே ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். அதனால் வளைவில் கொஞ்சம் சாய்ந்து ஓடும். முதல் இரண்டு வருடம், சாய்வைக் குறைக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டிருந்தார்கள், 1977 மாடலில் திரும்ப வைத்து, பின்னாலும் ஒன்று சேர்த்தார்கள். ஆகவே உங்கள் 1978 கார் ரப்பர் பம்பர் கூட்டத்தில் நல்ல பக்கத்தில்தான் இருக்கிறது.

அழகில் குரோம்தான், நானே வைத்திருப்பதும் குரோம்தான். ஆனால் அந்த அழகுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை இரும்புக்குப் போகவில்லை, தோற்றத்துக்குப் போகிறது. உளுத்த குரோமை விடத் திடமான ரப்பர் ஆயிரம் மடங்கு மேல். உயரத்தைப் பிறகு இறக்கலாம், கிட் கிடைக்கிறது.

சும்மா பார்வையாளன்:
எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் உள்ளதை வாங்கினால் என்ன? ஒரு விளம்பரத்தில் '1974 எம்ஜிபி ரோட்ஸ்டர் வி8, ஒரிஜினல்' என்று பார்த்தேன்.

பழைய இரும்பு:
அந்த 'ஒரிஜினல்' என்ற சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். 1973 முதல் 1976 வரை தொழிற்சாலை செய்த வி8 எல்லாமே ஜிடிதான், மொத்தம் 2,591. திறந்த காரில் வி8 இருந்தால் பிற்காலத்தில் யாரோ மாற்றிப் போட்டது. அது தரமான வேலையாகவும் இருக்கலாம், ஆனால் ஒரிஜினல் இல்லை. முதல் கார் வாங்குகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஹாரோவாசி:
இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். சிவப்பைப் பற்றி முதலில்.

படத்தில் பார்த்ததை விட நேரில் இன்னும் அழகு. காந்தத்தை எடுத்தேன், விற்பவர் முகம் மாறியது. வலது பக்கம் பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கை அகலத்துக்கு ஒட்டவே இல்லை. கதவு இடைவெளி மேலே என் சுண்டுவிரல் நுழையவில்லை, கீழே கட்டைவிரல் நுழைந்தது. ஜாக்கி வைக்கலாமா என்றதற்கு 'ஜாக்கி பாயின்டில் வேண்டாம், புதுப் பெயின்ட் உடையும்' என்றார். பெயின்டுக்கு முந்தைய படங்கள் பழைய போனில் போய்விட்டதாம். இன்ஜின் என்னவோ தையல் மிஷின் போல ஓடியது!

மஞ்சள்: அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், நிறைய வருடமாக அவரிடமே இருக்கிறது. கேட்பதற்கு முன் கோப்பை மேசையில் வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் சில் மாற்றிய பில், முன் மட்கார்டைக் கழற்றி வைத்திருக்கும் படம், கதவுக் கட்டில் குறுக்குக் கம்பி தெரிகிறது. ஜாக்கியில் தூக்கினோம், கதவு சமத்தாக மூடியது. முன் சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டேன், சுத்தம்.

குறைகள்: கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே தகட்டில் ஒரு விரிசல். முன் வலது சக்கரத்தில் ஆட்டம். ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) வேலை செய்யவில்லை. மூன்றாவது கியரில் போட்டுப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கூரைத் துணி கிழிசல்.

கொக்குவிலான்:
சிவப்பை விட்டுவிடுங்கோ, அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இல்லை.

மஞ்சளில் அந்தக் கதவு விரிசல் எல்லா எம்ஜிபிக்கும் வருகிற வியாதி, பெயரே 'அபிங்டன் விரிசல்' என்றுதான். கண்ணாடிச் சட்டம் அசைவதால் தகடு களைத்து வெடிக்கிறது. வெல்டு வைத்துச் சரிசெய்யலாம், அவசரமில்லை.

சக்கர ஆட்டம்தான் தெரிய வேண்டும். அடுத்த முறை போகும்போது முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். உள்ளே ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், மலிவு. மிதித்தும் ஆடினால் கிங்பின், அதாவது முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு. கிங்பினுக்குக் கிரீஸ் முனைகள் இருக்கின்றன. 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும், அதைப் பலர் செய்வதில்லை. புது புஷ் போட்டால் ரீமர் விட்டுத் துளையைச் சரியான அளவுக்குக் குடைய வேண்டும், அதனால் வீட்டில் செய்ய முயலாமல், தயார் செய்த ஸ்டப் ஆக்ஸிலாக (சக்கரம் மாட்டும் அச்சு) மாற்றி வாங்குவதே லேசு.

பழைய இரும்பு:
ஓவர்டிரைவை நான்காவது கியரில் போட்டுப் பார்த்தீர்களா?

ஹாரோவாசி:
இல்லை, மூன்றில் மட்டும்தான். மூன்று, நான்கு இரண்டிலும் வேலை செய்யும் என்று எங்கோ படித்தேன்.

பழைய இரும்பு:
முந்தைய கார்களுக்கு அது சரி. 1978 காரில் நான்காவதில் மட்டும்தான் சேரும், ஸ்விட்ச் கியர் குமிழிலேயே இருக்கும். நான்காவதில் 50 மைல் வேகத்தில் தட்டுங்கள். சேர்ந்தால் ஆர்பிஎம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கும், காதிலேயே தெரியும். சேராவிட்டாலும் அவசரப்பட்டு யூனிட் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். குமிழுக்குப் போகும் ஒயர் ஓயாமல் வளைந்து வளைந்து அறுந்துபோகும். அடுத்தது கியர்பாக்ஸ் ஆயில் மட்டம். ஓவர்டிரைவும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, இன்ஜினுக்கு ஊற்றும் 20டபிள்யூ50தான் அதற்கும்.

ஹாரோவாசி:
மறுபடி போய் வந்தேன். நான்காவதில் அழகாகச் சேர்ந்தது! விற்பவர் சிரித்துவிட்டு, 'போன தடவையே சொல்லியிருப்பேன், நீங்கள் கேட்கவில்லை' என்றார். சக்கரம்: பிரேக் மிதித்தும் ஆடுகிறது, ஆகவே கிங்பின். அதையும் கூரைத் துணியையும் சொல்லி விலை பேசினேன், மறுக்காமல் குறைத்தார். சூடான பிறகு ஆயில் பிரஷர் 60இல் நின்றது. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

இனி என்ன செய்ய வேண்டும்?

லெஸ்டர் தேன்மொழி:
வாழ்த்துகள் தம்பி! மீதிப் பணம் கொடுக்கும் முன் வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் காரில் உள்ள எண்ணையும் வைத்துப் பாருங்கள். ஜிஎச்என்5 என்று ஆரம்பித்தால் ரோட்ஸ்டர். அதையடுத்து 'யு' வந்தால் அமெரிக்காவுக்காகச் செய்தது, இங்கே வந்து வலது பக்க ஓட்டுக்கு மாற்றியிருப்பார்கள்; அதில் தவறில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். கடன் பாக்கி சோதனையும் ஒன்று போட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸை, காரின் மதிப்பை முன்பே பேசி ஒப்புக்கொள்ளும் முறையில் எடுங்கள், கிளாசிக் காருக்கென்றே செய்கிறவர்களிடம். வருட மைல் வரம்பு வைத்தால் வெகுவாகக் குறையும். சாதாரணப் பாலிசியில் ஏதாவது ஆனால் 'நாற்பது வருடப் பழைய கார்' என்று ஒரு தொகையை நீட்டுவார்கள்.

கொக்குவிலான்:
பெட்ரோலுக்கு ஒன்று. 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உருக்கும். எத்தனால் குறைவான சூப்பர் கிரேடு, இ5 என்று எழுதியிருப்பதை அடியுங்கள். குழாய்கள் எந்த வருடம் மாற்றியது என்று கோப்பில் இல்லாவிட்டால் முதல் வாரமே மாற்றிவிடுங்கோ, பெரிய காசில்லை. ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு சீட் போட்டிருக்கிறதா என்பதையும் பில்களில் தேடுங்கள்.

கிங்பின் மாற்றும் வரை நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். இல்ஃபோர்டு தூரமில்லை என்றால் கொண்டு வாங்கோ, தூக்கிப் பார்ப்போம்.

சும்மா பார்வையாளன்:
படம் போடுங்கள் சார். மஞ்சள்தானே, தூரத்திலிருந்து எம்எக்ஸ்-5 என்று நினைத்துக்கொள்கிறேன்.